நான்கெல்லைக்குள் ஒரு வீடு

பழைய கிரயப் பத்திரம் ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் திருப்புவது கடைசிப் பக்கத்தைத்தான். ‘சொத்து விவரம்’ அங்கேதான் இருக்கும். வீட்டில் எத்தனை அறை, கூரை ஓடா மச்சா என்பதெல்லாம் ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த வீடு யார் யாருக்கு நடுவில் இருக்கிறது என்பதைத்தான் எழுத்தர் நீட்டி எழுதியிருப்பார்: இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மகன் இன்னார் காலிமனைக்கு மேற்கு, கீழமேல் வீதிக்கு வடக்கு, பொதுச்சந்துக்குத் தெற்கு. பிறகு நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று ஒரு வடமொழி அடுக்கு வரும். விஜயநகரக் காலத்துத் தானசாசனங்களில் வருகிற அஷ்டபோக உரிமைகளின் மிச்சம் அது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லவேண்டும் என்று 1878-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் மண்ணுக்கடியில் கிடக்கும் நிதியையும் சேர்த்து விற்பதை நம் பத்திர எழுத்தர்கள் விடவில்லை.

நான்கெல்லையில் பெயர் வருகிறவர்களில் பாதிப்பேர் செத்து அரை நூற்றாண்டு ஆகியிருக்கும். புதுப் பத்திரம் எழுதும்போதும் தாய்ப் பத்திரத்தைப் பார்த்து அதே பெயர்களை அப்படியே எழுதிவிடுவார்கள். மாற்றி எழுதினால் இரண்டு பத்திரமும் ஒரே சொத்துதானா என்று பின்னால் எவனாவது கேட்பான். சிறு ஊரில் ஒரு வீடு கைமாறுவதற்கு ஏன் இவ்வளவு நாள் ஆகிறது, விலை ஏன் வாங்குகிற ஆளைப் பொறுத்து மாறுகிறது, முடிந்துபோன கிரயம் ஏன் பத்து வருஷம் கழித்துக் கோர்ட்டுக்குப் போகிறது என்று யோசித்தால், இந்தப் பத்திக்குத்தான் திரும்பி வரவேண்டியிருக்கிறது. சொத்தை அக்கம்பக்கத்தாரையும் பங்காளிகளையும் வைத்து அடையாளம் காட்டிய காலம் ஏட்டில் முடிந்துவிட்டது, நடப்பில் முடியவில்லை.

2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகிய நான்கு நகராட்சிகள் மாநகராட்சிகளாயின. சுற்றியிருந்த ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டுதான் இவை வளர்ந்தன. அதனால் மாநகராட்சி என்ற பெயர்ப்பலகையைத் தாண்டிப் பத்து நிமிடம் வண்டி ஓட்டினால் கண்மாய்க்கரையும் கருவேலங்காடும் வந்துவிடும். அங்கே வீடு வைத்திருப்பவர் வரியை மாநகராட்சிக்குக் கட்டுவார். அவருடைய மனையோ வருவாய்க் கணக்கில் இன்னும் ‘கிராம நத்தம்’ என்றே இருக்கும்.

நத்தம் என்பது ஊர் குடியிருக்கும் இடம். வெள்ளையர் காலத்து நிலவரித் திட்டத்தில் விளைநிலத்துக்குத் தீர்வை விதித்தவர்கள் குடியிருப்பை அளந்து வரி போடவில்லை. வரி இல்லாததால் பட்டாவும் இல்லை. யார் குடியிருக்கிறாரோ அவருக்குச் சொந்தம், அதற்குச் சாட்சி தெரு. நத்தத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவரின் இடம் அரசுக்குச் சொந்தமாகிவிடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பின்னால் நத்தம் நிலவரித் திட்டத்தில் அளவெடுத்துப் பட்டா கொடுத்தார்கள். அப்போது வீட்டில் இருந்தவர் பெயருக்குப் பட்டா வந்தது. நான்கு அண்ணன் தம்பிகளில் சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருந்த மூன்று பேர் அதில் வராமல் போனார்கள்.

விளைநிலத்திலும் இதே கதைதான். 1980களில் முடிந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தை மக்கள் யூ.டி.ஆர். என்பார்கள். ‘யூ.டி.ஆர். பிழை’ என்ற சொல் தெரியாத பத்திர எழுத்தர் இருக்கமாட்டார். அளக்க வந்த அன்றைக்கு வயலில் நின்றவர் பெயர், பக்கத்துப் பங்காளி பெயர், சில இடங்களில் குத்தகைக்காரர் பெயர்கூட ஏறியிருக்கிறது. அதைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகவேண்டும். இன்று ஊர் ஓரத்தில் மனையாகப் பிரித்து விற்கப்படும் புஞ்சையெல்லாம் அந்தக் கணக்கிலிருந்து பிறந்தவைதான்.

பத்திரம் பதிவுத்துறையிடம், பட்டா வருவாய்த்துறையிடம், வீட்டு வரி உள்ளாட்சியிடம் என்று மூன்று இடத்தில் மூன்று கணக்கு. வாங்க வருகிறவர்கள் பொதுவாக, பதிவாகிவிட்டால் சொத்து உறுதியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பதிவு செய்வது ஆவணத்தை. அந்த ஆவணத்தை எழுதிக்கொடுத்தவருக்கு அதற்கு உரிமை உண்டா என்ற கேள்வியை அது சார்பதிவாளரிடம் விடவில்லை. முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்றொரு விதி சேர்க்கப்பட்டது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தபோது சொன்ன காரணமும் இதுதான்: உரிமையை விசாரிப்பது பதிவு அலுவலரின் வேலையில்லை. பட்டாவும் உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் சலிக்காமல் சொல்லிவருகின்றன. ஆக, நம் நாட்டில் ஒருவர் வீட்டுக்கு உரிமையாளர் என்று அரசு எங்கேயும் உத்தரவாதம் தருவதில்லை. வேறு யாரும் உரிமை கோரி ஜெயிக்காதவரை அவர் உரிமையாளர், அவ்வளவே.

அந்த ‘வேறு யாரும்’ யார் என்று கண்டுபிடிக்கத்தான் முப்பது வருஷ வில்லங்கச் சான்று கேட்கிறார்கள். முப்பது என்ற எண்ணிக்கை சும்மா வந்ததில்லை. முப்பது ஆண்டு பழைய ஆவணம் முறையான இடத்திலிருந்து வந்தால் அதன் கையெழுத்தை மெய்யென்று கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்லும். இணையத்தில் வில்லங்கம் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் 1975-லிருந்துதான். அதற்கு முந்தையதற்குக் கையால் எழுதிய புத்தகங்களைப் புரட்டச் சொல்லி மனுப் போடவேண்டும். எத்தனை வருஷத்துக்கு எடுத்தாலும் பதிவாகாத எதுவும் அதில் தெரியாது. தாத்தா வெள்ளைத்தாளில் எழுதிவைத்த உயில், மூலப்பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைமாற்று, பஞ்சாயத்தில் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் எல்லாம் வில்லங்கச் சான்றில் வரமாட்டா, டீக்கடையில் வரும். சிறு நகரத்தில் வீடு பார்க்கப் போகிறவர் வக்கீலிடம் லீகல் ஒபீனியன் வாங்குவதற்கு முன்னால் அந்தத் தெருவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். “அந்த வீடா? அதுல தங்கச்சி ஒருத்தி இருக்காளே” என்று யாராவது சொல்லுவார்கள்.

அந்தத் தங்கச்சி எந்த வருஷத்தில் கல்யாணமாகிப் போனாள் என்பதுதான் அடுத்த கேள்வி. சட்டம் அதை உண்மையிலேயே கேட்டது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் சுயார்ஜிதத்தில் மனைவிக்கும் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது. பரம்பரைச் சொத்தில் மகன் பிறப்பாலேயே பங்காளி, மகள் அப்படியில்லை. தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தம் மகளையும் பங்காளியாக்கியது. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. ஒரே வீட்டில் பிறந்த அக்காவுக்கு இல்லாத உரிமை தங்கைக்கு வந்தது இப்படித்தான். 2005 செப்டம்பர் 9-இல் மத்திய அரசின் திருத்தம் நடைமுறைக்கு வந்து அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்கவேண்டுமா என்று பதினைந்து வருஷம் வழக்காடினார்கள். தேவையில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பாகம் பிரித்திருந்தால் மட்டும் அது செல்லும்.

1956 சட்டத்தின் 23-ஆவது பிரிவைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள நினைக்கும்வரை அவள் பாகம் கேட்கமுடியாது என்றது அது. அவள் அந்த வீட்டில் குடியிருக்கவும் கல்யாணம் ஆகாதவளாகவோ, கணவன் கைவிட்டவளாகவோ, அவனைப் பிரிந்தவளாகவோ, விதவையாகவோ இருக்கவேண்டும். நிலத்துக்கு இந்தக் கட்டு இல்லை, வீட்டுக்கு மட்டும். வீடு என்றால் அண்ணன் தம்பியுடையது என்ற ஊர் வழக்கத்தைச் சட்டப் புத்தகத்திலேயே ஏற்றி ஐம்பது வருஷம் வைத்திருந்தோம். 2005 திருத்தம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது; ஊர் மனம் இன்னும் எடுக்கவில்லை. நகையும் சீரும் செய்து அனுப்பியாச்சு, அவளுக்கு இங்கே என்ன என்பார்கள். அவளும் பல நேரம் கேட்பதில்லை. கேட்டால் பொங்கல் சீர் நின்றுவிடும் என்ற பயம் ஒருபுறம், பிறந்தவீட்டு வாசலை இழக்க மனசில்லாமை ஒருபுறம்.

வீடு விலைக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிவிடும். முப்பது வருஷம் யாரும் தேடாத தங்கையை எல்லாரும் தேடுவார்கள். அவள் கையெழுத்து இல்லாமல் எந்த வங்கியும் கடன் கொடுக்காது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் அவள் பெயர் இருக்கும். அவள் இறந்திருந்தால் அவள் பிள்ளைகள் பெயர் வரும், அதில் ஒன்று மைனராக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். மைனருக்குத் தனியாக வந்த பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் விற்றால் மேஜரான மூன்று வருஷத்துக்குள் அந்தப் பிள்ளை கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மலேசியாவில் இருக்கும் வாரிசு இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுப் பவர் அனுப்பினால், அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை ஒட்டவேண்டும். ‘அட்வான்ஸ் போட்டு ஆறு மாசமாச்சு, இன்னும் முடியல’ என்று வாங்கப்போகிறவர்கள் புலம்பும் ஆறு மாதம் எங்கே போகிறது என்றால், இதில்தான்.

தங்கையை விட்டுவிட்டு, இணங்கிய ஒருவரின் பங்கை மட்டும் வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். நிலமாக இருந்தால் வாங்கலாம். வீட்டுக்கு 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பில் ஒரு பங்கை வாங்கிய அந்நியருக்கு அந்த வீட்டில் சேர்ந்து குடியிருக்கும் உரிமை கிடையாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி வீட்டுக்காரர்கள் அவருடைய பங்கைக் கோர்ட் நிர்ணயிக்கும் விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இத்தனை சட்டங்களிலும் எனக்குப் பிடித்தது இதுதான். அடுப்படியில் அந்நியன் நிற்கக்கூடாது என்ற எளிய காரணத்துக்காக இயற்றப்பட்டது. நூறு வருஷம் தாண்டியும் பொருந்துகிறது. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களில் பங்குக் கணக்கு வேறு. கையெழுத்துகளைத் தேடி அலைவது மட்டும் அங்கேயும் இதேதான்.

பங்குகள் கூடக்கூட என்ன ஆகும் என்பதற்குக் காரைக்குடியைவிட நல்ல உதாரணம் இல்லை. நகரத்தார் வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லைக்கதவு என்று நீள்கின்றன. வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி மகன்களுக்கு ஆளுக்கொரு ‘இரட்டை வீடு’, அதாவது இரண்டு அறை. பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பணம் பர்மாத் தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் இங்கே வந்து நின்றது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்த வரத்து நின்றது. ஆண்வழியில் பங்கு பிரிந்து பிரிந்து, இன்று ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள் இருப்பதில் அதிசயமில்லை. கல்யாணத்துக்கும் சாந்திக்கும் வந்து திறந்து, சாமி கும்பிட்டுப் பூட்டிக்கொண்டு போவார்கள். வெள்ளையடிக்கவே எல்லாரும் பணம் போடவேண்டும்.

இப்படிப்பட்ட வீட்டை முழுதாக விற்பது அபூர்வம். அத்தனை பெரிய வீட்டைக் குடியிருக்க வாங்கும் ஆள் ஊரில் இல்லை. ஓட்டல் நடத்த வருகிறவர் கானாடுகாத்தான் பக்கம் நாலைந்து வீட்டோடு நின்றுவிடுகிறார். பங்காளிகள் எல்லாரும் ஒத்துப்போக எளிதான ஒரே முடிவு இடிப்பது. வீடு முப்பதாகப் பிரியாது. தூண் பிரியும், நிலை பிரியும், உத்தரம் பிரியும், அதிலிருந்து வரும் பணம் பைசா பைசாவாகப் பிரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. வாரிசுரிமைச் சட்டம் ஒரு தெருவில் சந்தையாக நிற்பதைப் பார்க்கவேண்டுமென்றால் அங்கே போய்ப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் அதைக் கலை ஆர்வம் என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இனி விலை. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். அதில் 2 சதவீதம் உள்ளாட்சிக்குப் போகும். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக்கியது. 2023 ஏப்ரலில் பழைய மதிப்பைத் திரும்பக் கொண்டுவந்து கட்டணத்தை 2 ஆக்கியது. எழுபது லட்சத்துக்குப் பேசிய வீட்டின் வழிகாட்டி மதிப்பு நாற்பது லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதுக்குப் பதிந்தால் செலவு 3,60,000 ரூபாய், உண்மை விலைக்குப் பதிந்தால் 6,30,000. நாற்பதை வெள்ளையில் கொடுத்து முப்பதைப் பையில் கொடுப்பதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம் என்பார்கள். நிலம், வீட்டுக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று 2015 ஜூனிலிருந்து வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கினால் அதே தொகை அபராதம். ஒப்பந்தம் பேசும் திண்ணையில் இதை யாராவது சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள்.

வரி ஏய்ப்பு என்று மட்டும் இதைப் பார்ப்பது போதாது என்பது என் கட்சி. பத்திரத்தில் நாற்பது என்று இருந்தால், பங்கு பிரிக்கும்போது தங்கைக்குக் காட்டுவதும் நாற்பதுதான். பையில் வந்த முப்பதுக்கு ஆவணம் இல்லை. கணக்குக் கேட்டால் “பத்திரத்தைப் பாரு” என்று சொல்லிவிடலாம். அரசை ஏமாற்றுவதாக ஆரம்பிக்கும் கணக்கு முதலில் போய் விடிவது உடன்பிறந்தவள் தலையில். பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் ஒரு சலுகை உண்டு. சொத்து மதிப்பு பத்து லட்சத்துக்குள் இருக்கவேண்டும். பத்து லட்சத்துக்கு இன்று ஊர் ஓரத்தில் ஒரு மனை கிடைக்கலாம், வீடு கிடைக்காது.

சந்தை விலை என்று ஒன்று இத்தகைய தெருக்களில் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு வீடு விற்கிற தெருவில் எதை வைத்து ஒப்பிடுவது? பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் விலை எப்போதும் கூடுதலாக இருக்கும். பொதுச்சுவர் அவருக்குச் சொந்தச்சுவராகும், சந்துப் பாத்தியதை தீரும், கிணற்றுப் பங்கு முழுதாகும். அதைத் தெரிந்துதான் தரகர் முதலில் அவர் காதில் போடுகிறார். யாருக்கு விற்கக்கூடாது என்பதிலும் தெருவுக்குக் கருத்து உண்டு. விளம்பரத்தில் எழுதமாட்டார்கள், தரகர் “நம்ம ஆளுங்களா?” என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். கையில் முழுப்பணத்தோடு வந்த தலித் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ “இப்போ விக்கிற ஐடியா இல்லையாம்” என்ற பதிலோடு திரும்பும்; அடுத்த மாதம் அதே வீடு குறைந்த விலைக்கு வேறொருவருக்குக் கிரயமாகும். நான்கெல்லையில் யார் பெயர் ஏறலாம் என்று தீர்மானிக்கும் உரிமைக்காக விற்பவர் கொடுக்கும் விலை அந்தக் குறைவு. எந்த வில்லங்கச் சான்றிலும் அது தெரியாது.

நல்ல நாள் பார்த்துப் பதிவுக்குப் போவார்கள். ஆடியில் வெறிச்சோடும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணி முகூர்த்த நாட்களில் கூடுதல் டோக்கன் கொடுக்கவேண்டியிருக்கும். கேமராவில் முகம், கருவியில் கைரேகை, ராகுகாலத்துக்கு முன் முடிந்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

பங்காகப் பிரிந்த பணத்தில் ஒரு பகுதி திரும்பவும் மண்ணுக்கே போகிறது. ஊர் ஓரத்து மனைப்பிரிவுகளுக்கு. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று தடுத்தது. பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அங்கீகாரம் உண்டா என்று இப்போது எல்லாரும் கேட்கப் பழகிவிட்டார்கள். பக்கத்துக் கண்மாயின் வரத்துக்கால் எந்த மனை வழியாக ஓடியது என்று கேட்பவர் குறைவு. சிவகங்கைச் சீமையில் மனை பார்க்கச் சித்திரையில் போகக்கூடாது, ஐப்பசி அடைமழையில் போகவேண்டும்.

அந்த மனைகளின் பத்திரத்தில் சொத்து விவரம் சுருக்கமாக இருக்கிறது. மனை எண் 14-க்குக் கிழக்கு, மனை எண் 16-க்கு மேற்கு, 30 அடி ரோட்டுக்கு வடக்கு. 14-ஐ வாங்கியவர் திருப்பூரில் இருக்கிறார், 16-ஐ வாங்கியவர் துபாயில். மூலைக்கொன்றாக நான்கு கல் நட்டு மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஆடு மேய்க்க வருகிறவர் அதில் ஒன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மழைக்குப் பிறகு அந்தக் கல் இருந்த இடம் எது என்று கேட்டால் சர்வேயருக்குப் பணம் கட்டி வரச்சொல்லவேண்டும். சொல்வதற்குத் தெருவில் ஆளில்லை.